சூப்பர்சார்ஜ்டு ஜெட் போட்ல பவர் இறங்கிடுச்சா? முதல்ல ஆர்பிஎம் என்ன சொல்லுதுன்னு பாருங்க

இங்க கனடா ஒன்டாரியோல மே மாசம் விக்டோரியா டே லீவு வந்தாலே போட்டெல்லாம் ட்ரெய்லர்ல ஏறி ஏரிக்கு கிளம்பிடும், அதுக்கு அடுத்த வாரத்துல இருந்து எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "அண்ணா, போட் போன வருஷம் மாதிரி இழுக்க மாட்டேங்குது, சூப்பர்சார்ஜர் போயிடுச்சா?" இந்தக் கேள்வியிலயே பாதி தப்பு இருக்கு. பவர் இல்லன்னதும் எல்லாரும் நேரா சூப்பர்சார்ஜர் மேல, அதாவது காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ற பார்ட் மேல கை வெக்கிறாங்க, ஏன்னா விலை அதிகமான பார்ட்ல அதுவும் ஒண்ணு, பயமும் அதுலதான் அதிகம். ஆனா நான் பாத்த வரைக்கும் பல தடவை தப்பு வேற எங்கயோ இருக்கும், ஒரு லூசான கிளாம்ப், தண்ணியை உறிஞ்சி பின்னாடி பீச்சி போட்டைத் தள்ற பம்ப்ல சிக்கின ஒரு துண்டு கயிறு, பங்க்ல தப்பா போட்ட பெட்ரோல்னு. அதனால அறிகுறி வாரியா எழுதறேன், உங்க போட் என்ன பண்ணுதோ அந்த இடத்துக்கு நேரா போயிடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி வர்ற ரெண்டு பகுதியை மட்டும் தயவு செஞ்சு தாண்டாதீங்க.

நான் அதிகமா கை வெச்சது ரோட்டாக்ஸ் 1503 4-டெக் இன்ஜின், மூணு சிலிண்டர், 1494 சிசி. சீ-டூ ஸ்பீட்ஸ்டர் 150, சேலஞ்சர் 180 இதுலெல்லாம் 215 எச்பி, 255 எச்பின்னு சூப்பர்சார்ஜர் போட்டு வந்தது, ஸ்பீட்ஸ்டர் 200ல ரெண்டு இன்ஜின். சீ-டூ இந்த ஸ்போர்ட் போட் வரிசையை 2012ல நிறுத்திட்டாங்க, அதனால உங்ககிட்ட இருக்கற போட் எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் அதோட ரப்பர் ஹோஸ், சீல், கிளாம்ப் எல்லாம் வயசானதுதான், அதை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க. யமஹாவோட எஸ்விஎச்ஓங்கற 1.8 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு இன்ஜின் வெச்சிருக்கவங்களுக்கும் இதுல பெரும்பாலானது பொருந்தும், மாறுற இடத்துல சொல்றேன்.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம்

கிராங்க்ல இருந்து கியர் வழியா சூப்பர்சார்ஜர் சுத்துது, பெல்ட் கிடையாது. இன்ஜின் ஒரு சுத்து சுத்தினா அது கிட்டத்தட்ட ஆறு சுத்து, ஃபுல் வேகத்துல நிமிஷத்துக்கு 45,000 சுத்து (ஆர்பிஎம்) பக்கம் போகும். அந்த கியருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல ஒரு ஸ்லிப் கிளட்ச், அதாவது வாஷர் ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிச்சிருக்கற ஒரு பிடிப்பு. நீங்க ஃபுல்லா போயிட்டிருக்கும்போது லீவரை டக்குனு பின்னாடி இழுத்தாலோ, அலையில எகிறி பம்ப் காத்துல சுத்திட்டு திரும்ப தண்ணியில விழுந்தாலோ, அந்த அதிர்ச்சி கம்ப்ரஸர் வீலை உடைக்காம இருக்க கிளட்ச் கொஞ்சம் வழுக்கிக் குடுக்கும். அமுக்கின காத்து சூடா இருக்கும், அது ஹோஸ் வழியா போயி, இன்டர்கூலர்ங்கற காத்தைக் குளுமை பண்ற பெட்டியையும், காத்தோட அளவைக் கட்டுப்படுத்தற த்ராட்டில் பாடியையும் தாண்டி சிலிண்டருக்கு போகுது.

இன்ஜினுக்கும் இம்பெல்லருக்கும் (பம்ப்குள்ள தண்ணியைத் தள்ற விசிறி) நடுவுல கியர்பாக்ஸ் கிடையாது, ஷாஃப்ட் நேரா போகுது. இன்ஜின் 7,000 சுத்தினா இம்பெல்லரும் 7,000 சுத்தும். இந்த ஒரு விஷயத்தை வெச்சுத்தான் தப்பு இன்ஜின்லயா பம்ப்லயான்னு கண்டுபிடிக்கப் போறோம்.

எதையும் கழட்டறதுக்கு முன்னாடி

போன்ல ஜிபிஎஸ் ஸ்பீட் காட்டற ஆப் ஒண்ணு போட்டுக்கோங்க. போட்ல இருக்கற ஸ்பீடோமீட்டரை நம்பாதீங்க, அடியில இருக்கற சின்ன சக்கரத்துல பாசி பிடிச்சாலே அது தப்பா காட்டும், வேகம் குறையாமலே குறைஞ்ச மாதிரி தெரியும். அலை இல்லாத காலை நேரமா பாத்து, டேங்க்ல பாதி பெட்ரோல், ரெண்டு பேர் மட்டும், லீவரை முழுசா தள்ளி ஒரு பத்து பதினஞ்சு செகண்ட் ஓட்டுங்க. கூட வர்றவர் டேக்கோமீட்டர்ல அதிகபட்ச ஆர்பிஎம்மையும் ஜிபிஎஸ் வேகத்தையும் எழுதிக்கட்டும். எதிர்த் திசையிலயும் ஒரு தடவை.

இப்ப போட் நல்லா இருந்தப்போ என்ன ஆர்பிஎம் காட்டிச்சுன்னு உங்களுக்கு தெரிஞ்சா வேலை பாதி முடிஞ்ச மாதிரி. தெரியலன்னா அதே மாடல் வெச்சிருக்கறவங்ககிட்ட கேளுங்க, சர்வீஸ் மேனுவல்லயும் இருக்கும். கணக்கு இதுதான்: ஆர்பிஎம் வழக்கம்போல இருக்கு இல்ல அதைவிட அதிகமா இருக்கு, வேகம் மட்டும் குறைவுன்னா, இன்ஜின் நல்லா இருக்கு, பம்ப் பக்கம் போங்க. ஆர்பிஎம்மே குறைவுன்னா இன்ஜின் பக்கம். ஆர்பிஎம், வேகம் ரெண்டும் சரியாவே இருக்கு ஆனா போட் கிளம்பறதுக்கு மட்டும் மந்தமா இருக்குன்னா பில்ஜ்ல, அதாவது போட்டோட உள் அடித்தட்டுல, தண்ணி நிக்குதான்னு பாருங்க, நூறு லிட்டர் தண்ணின்னா நூறு கிலோ.

பாதுகாப்பு பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். இன்ஜின் கவரை திறந்து, இன்ஜின் ரூம் காத்தை வெளியேத்தற ப்ளோயரை நாலு நிமிஷமாவது ஓட விட்டு, பெட்ரோல் வாசனை இல்லன்னு மூக்காலயே பாத்துட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும். பம்ப்குள்ள கை விடும்போது லேன்யார்டை (இது மாட்டாம இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது) கழட்டி உங்க பாக்கெட்லயே போட்டுக்கோங்க, ஸ்விட்ச் ஆஃப்ல இருக்குல்லன்னு விட்டுடாதீங்க, குழந்தைங்க போட்ல விளையாடிட்டு இருக்கும். ட்ரெய்லர்ல வெச்சு ஹோஸ்ல தண்ணி குடுத்து ஓட்டினா முதல்ல இன்ஜின் ஸ்டார்ட், அப்பறம் தண்ணி திறக்கணும், நிறுத்தும்போது முதல்ல தண்ணியை மூடிட்டு அப்பறம் இன்ஜின். மாத்தி பண்ணா எக்ஸாஸ்ட் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிடும்.

இன்ஜின் அலறுது, போட் நகரல

லீவரை தள்ளினதும் ஆர்பிஎம் ஜிவ்வுனு ஏறுது, போட் மட்டும் அதே எடத்துல மெதுவா கிளம்புது, கிளட்ச் வழுக்கற கார் மாதிரி. இதை எல்லாரும் கேவிட்டேஷன்னு சொல்வாங்க, பம்ப்குள்ள காத்து புகுந்து இம்பெல்லர் தண்ணியைப் பிடிக்க முடியாம சுத்துது. சூப்பர்சார்ஜருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

முதல்ல கிரேட்டை பாருங்க, அதாவது அடியில தண்ணி உறிஞ்சற எடத்துல இருக்கற கம்பி. சிம்கோ ஏரி, கவார்த்தா ஏரிங்க பக்கமெல்லாம் மில்ஃபாயில்ங்கற பாசி மாதிரி நீர்ச்செடி கோடையில கயிறு கயிறா வளந்து நிக்கும், அதுக்குள்ள ஒரு தடவை போயிட்டு வந்தாலே கிரேட்ல சுத்திக்கும். இதுக்கு ஒரு அடையாளம் இருக்கு, இன்ஜினை அணைச்சு ரெண்டு நிமிஷம் மிதக்க விட்டா பாசி தானா கழண்டு விழுந்துடும், திரும்ப ஸ்டார்ட் பண்ணா பத்து நிமிஷம் நல்லா ஓடும், அப்பறம் பழையபடி. ஷாஃப்ட்ல சுத்தின ஸ்கீ கயிறு அப்படி விழாது, ட்ரெய்லர்ல ஏத்தி கத்தி வெச்சு அறுத்துத்தான் எடுக்கணும்.

கிரேட் சுத்தமா இருந்தா டார்ச் அடிச்சு இம்பெல்லரோட முன் விளிம்பைப் பாருங்க. சின்ன கல்லு உறிஞ்சிருந்தா விளிம்பு மடிஞ்சோ பல்லு விழுந்தோ இருக்கும். சின்ன மடிப்பை அரத்தால சரி பண்ணலாம், பெருசுன்னா இம்பெல்லரை ரிப்பேருக்கு அனுப்பணும். அதை சுத்தி இருக்கற பிளாஸ்டிக் வேர் ரிங்தான் இதுல முக்கியம். இம்பெல்லர் இறக்கையோட நுனிக்கும் ரிங்குக்கும் நடுவுல இடைவெளியே தெரியக் கூடாத அளவுக்கு ஒட்டி இருக்கணும். விரலை உள்ள விட்டு ரிங்கை தடவிப் பாருங்க, வழவழன்னு இருந்தா சரி, நகம் மாட்டற மாதிரி வட்டமா கோடு கோடா பள்ளம் இருந்தா ரிங் மாத்தற நேரம் வந்தாச்சு. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) விட்டு நாலு பக்கமும் அளந்து மேனுவல் அளவோட ஒப்பிடுங்க. கரை ஓரமா மணல்ல வெச்சு ஸ்டார்ட் பண்றவங்க போட்லதான் இந்த ரிங் சீக்கிரம் போகும், அடியில 90 சென்டிமீட்டராவது தண்ணி இருக்கணும்னு மேனுவல்லயே போட்டிருக்கு, யாரும் படிக்கறதில்ல.

ரிங்கும் நல்லா இருந்தா கார்பன் சீல். ஷாஃப்ட் போட்டுக்குள்ள நுழையற எடத்துல ஒரு கருப்பு கார்பன் வளையமும், அதுமேல அழுத்தற ஸ்டெயின்லெஸ் வளையமும், பின்னாடி ஸ்பிரிங் மாதிரி ஒரு ரப்பர் பெல்லோஸும் இருக்கும். அந்த இடத்தை சுத்தி கருப்பு தூள் பறந்து ஒட்டியிருந்தா, பில்ஜ்ல கொஞ்சம் கொஞ்சமா தண்ணி சேந்தா, அது ஒழுங்கா ஒட்டல, அங்கருந்துதான் பம்ப் காத்து உறிஞ்சுது. பெல்லோஸ் ரப்பர் வயசாயி தளர்ந்து போனாலும் இதே கதைதான். இதை தள்ளிப் போடாதீங்க, வேகம் குறையறதோட நிக்காம ஒருநாள் அந்த வழியாவே போட்டுக்குள்ள தண்ணி வந்துடும்.

ஆர்பிஎம் ஆயிரம் குறையுது, ஆனா ஓட்டம் மழமழன்னு இருக்கு

இதுதான் நிஜமாவே சூப்பர்சார்ஜர் பக்கம் பாக்க வேண்டிய அறிகுறி. அலாரம் எதுவும் அடிக்காது, இன்ஜின் தடுமாறாது, கீழ் வேகத்துல வித்தியாசமே தெரியாது, ஆனா மேல போகப் போக மூச்சு முட்டற மாதிரி நின்னுடும். ஏறக்குறைய சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜின் மாதிரி ஓடும், ஏன்னா அமுக்கின காத்து சிலிண்டர் வரைக்கும் போய் சேரல. காத்தை உண்டாக்கவே இல்லையா, உண்டாக்கின காத்து வழியில கசியுதா, இந்த ரெண்டுல எதுன்னு பிரிக்கணும். கசிவை முதல்ல பாருங்க, காசு செலவில்லாத வேலை அது.

போன வருஷம் ஒரு நண்பர் ஸ்பீட்ஸ்டர் 150 கொண்டு வந்தார், ரீபில்டு சூப்பர்சார்ஜர் ஏற்கனவே ஆர்டர் பண்ணிட்டேன், வந்ததும் மாத்திக் குடுங்கன்னார். சரி அதுக்குள்ள ஒரு தடவை பாத்துடுவோம்னு கவரை திறந்து, சூப்பர்சார்ஜர்ல இருந்து இன்டர்கூலருக்கு போற ஹோஸோட அடிப்பக்கமா கையை விட்டு தடவினேன். மேல இருந்து பாத்தா எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. அடியில விரல்ல பிசுபிசுன்னு எண்ணெய் ஒட்டிச்சு, கண்ணாடி வெச்சு பாத்தா ஹோஸ் முடியற எடத்துல இருந்து ஒரு விரல் அகலத்துக்கு விசிறி மாதிரி எண்ணெய்க் கறை, அதுமேல தூசி படிஞ்சு பழுப்பு நிறத்துல. காத்து பீச்சி அடிச்ச தடம் அது. கிளாம்ப் பாதி குழாயோட விளிம்பு மேட்டு மேலயே உக்காந்திருந்தது, பாதி அதைத் தாண்டி. கழட்டி, ஹோஸ் உள்பக்கத்தையும் குழாயையும் ஆல்கஹால் போட்டு எண்ணெய் போற வரைக்கும் துடைச்சு, மேட்டைத் தாண்டி ஹோஸை முழுசா ஏத்தி புது கிளாம்ப் போட்டோம். அன்னிக்கு சாயங்காலமே தண்ணியில இறக்கினோம், 900 ஆர்பிஎம் திரும்ப வந்துடுச்சு. ஆர்டர் பண்ணின சூப்பர்சார்ஜர் டப்பாவே பிரிக்காம அவர் வீட்டு கராஜ்ல இருக்கு.

அதனால ஒவ்வொரு ஹோஸையும் அடிப்பக்கம் தடவுங்க, எண்ணெய்க் கறை தேடுங்க, ரப்பரை மடக்கி விரிசல் பாருங்க. சந்தேகம் போகலன்னா சூப்பர்சார்ஜரோட காத்து உள்ள வர்ற வாயை ஒரு மூடியால அடைச்சு, அதுல ஒரு வால்வு வெச்சு, 5 பிஎஸ்ஐக்கு மேல போகாம காத்து குடுத்து, சோப்புத் தண்ணி தெளிங்க, குமிழ் வர்ற எடம்தான் ஓட்டை. இன்டர்கூலரோட மூடி ஓரம், வெல்டிங் வெச்ச எடம் இதையும் விடாதீங்க. குளிர்காலத்துக்கு முன்னாடி இன்டர்கூலர்ல இருந்து தண்ணியை வெளியேத்தாம விட்ட போட்ல ஐஸ் பிடிச்சு உள்ள வெடிச்சிருக்கும், அப்ப காத்து வெளிய போறதோட நிக்காது, ஏரித் தண்ணி இன்ஜினுக்குள்ள போகும். வசந்த காலத்துல முதல் ஓட்டத்துலயே பவர் இல்லன்னா இதைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன்.

கசிவு இல்லன்னு உறுதியானா இப்ப சூப்பர்சார்ஜர். இன்ஜின் குளுந்திருக்கணும், லேன்யார்ட் பாக்கெட்ல. காத்து வர்ற குழாயை கழட்டிட்டு டார்ச் அடிங்க. வீலோட இறக்கைங்க எல்லாம் கூரா, ஒரே மாதிரி இருக்கணும், ஒண்ணு மடிஞ்சிருந்தாலும் எதோ உள்ள போயிருக்குன்னு அர்த்தம், உடைஞ்ச துண்டு இன்டர்கூலர்ல தேங்கி இருக்கும், அதையும் திறந்து சுத்தம் பண்ணணும். அப்பறம் நடுவுல இருக்கற நட்டை ரெண்டு விரலால பிடிச்சு சுத்திப் பாருங்க. அது கியர் வழியா கிராங்க்கோட கோர்த்திருக்கு, அதனால விரலுக்கு அசையவே கூடாது, லேசா கியர் இடைவெளி அளவுக்கு மட்டும் ஆடும். தாராளமா சுத்திச்சுன்னா, இல்ல மணல் அரையற மாதிரி கரகரன்னு சுத்திச்சுன்னா, கிளட்ச் போயிடுச்சு. மேலயும் கீழயும் ஆட்டினா டக் டக்குன்னு அடிச்சா பேரிங் போயிடுச்சு. விரலுக்கு அசையலங்கறதுக்காக கிளட்ச் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க, கொஞ்சமா வழுக்கற கிளட்ச் விரலுக்கு கெட்டியாத்தான் இருக்கும், அதுக்குன்னு இருக்கற டூலை மாட்டி டார்க் ரெஞ்ச் வெச்சு எவ்ளோ டார்க்ல வழுக்குதுன்னு அளந்து மேனுவல் அளவோட பாக்கணும்.

எண்ணெய் விஷயத்தை தனியா சொல்லணும். இந்த கிளட்ச் இன்ஜின் ஆயில்லதான் குளிக்குது. கார் கடையில கிடைக்கற எனர்ஜி கன்சர்விங்னு லேபிள் போட்ட ஆயில்ல உராய்வைக் குறைக்கற சேர்மானம் இருக்கும், கார் இன்ஜினுக்கு நல்லது, இந்த கிளட்ச்சுக்கு விஷம், வாஷரெல்லாம் நல்லா இருந்தும் வழுக்கிக்கிட்டே இருக்கும். ஆயில் மாத்தினதுக்கு அப்பறம்தான் பவர் குறைஞ்சதுன்னு யாராவது சொன்னா என்ன ஆயில்னுதான் நான் முதல்ல கேப்பேன்.

ஆரம்ப கால மாடல்கள்ல அந்த கிளட்ச் வாஷர் செராமிக். அது தேயாது, உடையும். உடைஞ்சா துண்டுங்க ஆயில்லயே விழுந்து ஆயில் பம்ப் பக்கம் போகும். பின்னாடி வந்ததுல மெட்டல் வாஷர் போட்டாங்க, பழையதுக்கும் மெட்டல் மாத்திக்கற கிட் கிடைக்குது. நீங்க பழைய போட் வாங்கி, உள்ள எது இருக்குன்னு ரசீது இல்லன்னா, பவர் குறையற வரைக்கும் காத்திருக்காதீங்க, கழட்டிப் பாத்துடுங்க. 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை ரீபில்ட்ங்கறதுதான் அந்த பழைய சூப்பர்சார்ஜருக்கு எல்லாரும் வெச்சிருக்கற கணக்கு. செராமிக் உடைஞ்சிருந்தா இன்ஜினை ஒரு செகண்ட் கூட திருப்பி ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஆயிலை வடிச்சு, ஃபில்டரை அறுத்து விரிச்சு, ஆயில் வடிகட்டிங்களையும் கழட்டி, கிடைச்ச துண்டு ஒவ்வொண்ணையும் ஒரு வெள்ளைத் துணி மேல வட்டமா அடுக்குங்க, உடைஞ்ச வளையலை ஒட்ட வெக்கற மாதிரி. வட்டம் முழுசாகற வரைக்கும் தேடணும், அரிசி நொய் அளவுக்கு ஒரு துண்டு குறைஞ்சாலும் அது இன்னும் இன்ஜினுக்குள்ள இருக்கு.

எல்லாம் சரி, இன்னும் ஆர்பிஎம் வரலன்னா மிச்சம் மூணு இருக்கு. லீவரை முழுசா தள்ளினா த்ராட்டில் பிளேட் முழுசா திறக்குதா, கேபிள் நீண்டிருந்தா முக்கால்வாசிதான் திறக்கும், இதை ரெண்டு பேர் சேந்து ரெண்டு நிமிஷத்துல பாத்துடலாம். அடுத்தது இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்கற எம்ஏபி சென்சார், கீ ஆன் பண்ணி இன்ஜின் ஓடாம இருக்கும்போது அது வெளிக்காத்து அழுத்தத்தைத்தான் காட்டணும், ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல், பட்ஸ் அல்லது கேண்டூங்கற இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கற சாஃப்ட்வேர் வெச்சிருக்கறவங்க பாத்து சொல்லிடுவாங்க. மூணாவது எக்ஸாஸ்ட் கசிவு, இதை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. எக்ஸாஸ்ட் கிளாம்ப் லூசாகி புகை இன்ஜின் ரூம்லயே கசிஞ்சா சூப்பர்சார்ஜர் அந்தப் புகையையே உறிஞ்சும், ஆக்சிஜன் குறைஞ்ச சூடான காத்து, பவர் எப்படி வரும். கவரை திறந்து வெச்சு கரையோரம் மெதுவா ஓட்டினா நல்லா இழுக்குது, மூடினா செத்துடுதுன்னா இதேதான். அந்தப் புகையில கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு இருக்கு, பின் சீட்ல உக்காந்திருக்கறவங்களுக்கு தலைவலி வந்தா அன்னிக்கே ஓட்டறதை நிறுத்திடுங்க.

பீப் அடிச்சு, ஆர்பிஎம் ஒரு எடத்துல பூட்டின மாதிரி நிக்குது

இது லிம்ப் மோட். கம்ப்யூட்டரே இன்ஜினைக் காப்பாத்த பவரைக் குறைச்சிருக்கு, அதனால அதை ஏமாத்தப் பாக்காதீங்க, அது சேத்து வெச்சிருக்கற எர்ரர் கோட் என்னன்னு படிச்சு காரணத்தைத் தேடுங்க. கோட் படிக்கற வசதி இல்லன்னாலும் ஆயில், கூலன்ட், பேட்டரி மூணையும் நீங்களே பாக்கலாம்.

ஆயில் லைட் வந்தா அங்கயே அணைச்சுடுங்க, கரை வரைக்கும் போயிடலாம்னு நினைக்காதீங்க. ஆயில் அளவை குளுந்த இன்ஜின்ல பாத்தா தப்பா காட்டும். நல்லா சூடான இன்ஜினை 30 செகண்ட் ஐடில்ல விட்டு, அணைச்சு, இன்னொரு 30 செகண்ட் பொறுத்து, போட் மட்டமா இருக்கும்போது டிப்ஸ்டிக் பாக்கணும். குளுந்த அளவைப் பாத்து குறைவா இருக்குன்னு ஊத்தி ஊத்தி ஓவராக்கினவங்க நிறைய, அந்த அதிக ஆயில் ப்ரீதர்ங்கற இன்ஜின் காத்து வெளியேறற குழாய் வழியா காத்துப் பாதைக்கு வந்து இன்டர்கூலர்ல தேங்கும், ஹோஸ் வழுக்கிக் கழண்டுக்கறதுக்கும் அது ஒரு காரணம்.

சூடு லைட் வந்தா கூலன்ட் டேங்க் பாருங்க. ரோட்டாக்ஸ்ல இன்ஜினைக் குளுமை பண்றது மூடின சர்க்யூட், கூலன்ட் போட்டோட அடியில இருக்கற ரைட் பிளேட்ங்கற உலோகத் தட்டு வழியா போயி ஏரித் தண்ணியில சூட்டை விட்டுட்டு திரும்பும், ஆனா எக்ஸாஸ்டும், 215 எச்பி மாடலோட இன்டர்கூலரும் நேரா ஏரித் தண்ணியிலதான் குளுமையாகுது. யமஹாவுல மொத்த இன்ஜினும் ஏரித் தண்ணியில, அதனால அங்க மணலோ பாசியோ அடைச்சா சூடு இன்ஜினுக்கே போகும். பேட்டரி வோல்ட் குறைஞ்சாலும் கம்ப்யூட்டர் குழம்பி பீப் அடிக்கும், டெர்மினல்ல பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. லேர்னிங் கீ குடுத்த போட்னா எந்த கீ போட்டிருக்கீங்கன்னும் ஒரு தடவை பாத்துக்கோங்க, அந்த கீயே வேகத்தைக் குறைக்கறதுக்காகத்தான் குடுத்தது.

பத்து நிமிஷம் நல்லா போகுது, அப்பறம் இறங்கிடுது

பாசி பத்தி மேலயே சொன்னேன், அது இல்லன்னா டேங்க் மூடியைத் திறங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்துச்சுன்னா டேங்க் வென்ட் அடைச்சிருக்கு, பெட்ரோல் குறையக் குறைய உள்ள வெற்றிடம் உண்டாகி பம்ப் இழுக்க முடியாம திணறுது. மூடியை திறந்து மூடினதும் கொஞ்ச நேரம் பவர் வந்து திரும்ப போனா சந்தேகமே வேண்டாம், வென்ட் லைனையும் அதோட வால்வையும் சுத்தம் பண்ணுங்க.

அதுவும் இல்லன்னா இன்டர்கூலருக்கு தண்ணி சரியா போகல. முதல்ல குளுமையா இருக்கும், ஓட ஓட காத்து சூடாகும், சூடான காத்துல இன்ஜின் தட்டும், நாக் சென்சார் அதைக் கேட்டு, கம்ப்யூட்டர் பொறி விழற நேரத்தைப் பின்னாடி தள்ளும், பவர் மெல்ல மெல்ல இறங்கும். தண்ணி லைனைக் கழட்டி ரெண்டு பக்கத்துல இருந்தும் ஃப்ளஷ் பண்ணுங்க, சிம்கோ ஏரியில ஜீப்ரா மஸல்னு ஒரு சின்ன சிப்பி இருக்கு, தண்ணியிலயே கட்டி வெக்கற போட்ல அது சின்ன குழாய்க்குள்ள குடித்தனம் வெச்சுடும்.

இதே நாக் சென்சார் கதைதான் பெட்ரோல்லயும். சூப்பர்சார்ஜ்டு இன்ஜினுக்கு 91 ஆக்டேன் வேணும், சில மரீனால 87தான் இருக்கும், அவசரத்துக்கு அதை ரொப்பிட்டு வேகம் இல்லன்னு வர்றாங்க. இங்க சொல்ற 91 வட அமெரிக்க பம்ப்ல ஒட்டியிருக்கற நம்பர், மத்த நாட்டு ரோன் நம்பரோட நேரா ஒப்பிடாதீங்க, அது வேற கணக்கு.

தடுமாறுது, இருமுது, மேல போனா வெட்டுது

இது பெட்ரோல் கோளாறா இருக்கும், அப்படி இல்லன்னா பிளக்ல பொறி சரியா விழாத கோளாறு. டேங்க்ல இருந்து ஒரு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் பெட்ரோல் பிடிச்சு அரை மணி நேரம் அசைக்காம வெய்யில் படாம வைங்க. அடியில தனியா ஒரு அடுக்கு தெரிஞ்சா தண்ணி. எத்தனால் கலந்த பெட்ரோல் குளிர்காலம் முழுக்க டேங்க்ல கிடந்தா ஈரத்தை இழுத்து, ஒரு அளவுக்கு மேல எத்தனாலும் தண்ணியும் சேந்து பிரிஞ்சு அடியில உக்காந்துடும், மேல நிக்கற பெட்ரோலோட ஆக்டேனும் குறைஞ்சுடும். அதுக்கு எந்த மருந்தும் ஊத்தாதீங்க, மொத்தமா வடிச்சுட்டு புதுசு போடுங்க. பிரஷர் கேஜ் மாட்டினா 58 பிஎஸ்ஐ பக்கம் நிக்கணும், ஐடில்ல மட்டும் பாத்தா பத்தாது, தண்ணியில ஃபுல் லோட்ல ஓடும்போது விழுதான்னு பாக்கணும்.

ரோட்டாக்ஸ்ல பிளக் என்ஜிகே டிசிபிஆர்8இ, இடைவெளி 0.75 மில்லிமீட்டர். சூப்பர்சார்ஜர் அழுத்தத்துல பொறி தாண்டறது கஷ்டம், அதனால இடைவெளி கொஞ்சம் கூடினாலும் கீழ நல்லா ஓடி மேல போனா வெட்டும். பிளக் மேல உக்காந்து கரண்ட் குடுக்கற காயிலைப் பிடுங்கும்போது லேசா திருகி மெதுவா மேல இழுங்க, காஞ்ச ரப்பர் கிழிஞ்சு வந்துடும். மூணு பிளக்கையும் வரிசையா வெச்சு நிறம் பாருங்க, ஒண்ணு மட்டும் ஈரமா கருப்பா இருந்தா அந்த சிலிண்டரோட காயிலை பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் போட்டு ஓட்டுங்க, தப்பு கூடவே போச்சுன்னா காயில், அங்கயே நின்னா இன்ஜெக்டர் இல்லன்னா கம்ப்ரஷன். பிளக்கெல்லாம் கழட்டியிருக்கும்போதே கம்ப்ரஷன் பாத்துடுங்க, மூணும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், ஒண்ணு மட்டும் தனியா விழுந்தா லீக்-டவுன் டெஸ்ட் பண்ணி, அதாவது சிலிண்டருக்குள்ள காத்து குடுத்து, அது எந்தப் பக்கம் போகுதுன்னு கேளுங்க, எக்ஸாஸ்ட்ல சத்தம் வந்தா வால்வு, ஆயில் மூடியில வந்தா பிஸ்டன் ரிங்.

ரெண்டு இன்ஜின் போட்ல ஒண்ணு மட்டும்

ஸ்பீட்ஸ்டர் 200 வெச்சிருக்கறவங்களுக்கு வேலை சுலபம், சரியான அளவு எதுன்னு பக்கத்து இன்ஜினே சொல்லிடும். பிளக், காயில், எம்ஏபி சென்சார் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா இடம் மாத்திப் பாருங்க, ஒரு நேரத்துல ஒண்ணுதான், ரெண்டு சேந்து மாத்தினா எது சரி பண்ணிச்சுன்னு தெரியாது. பம்ப் பக்கத்தையும் அப்படியே ஒப்பிடலாம், ரெண்டு வேர் ரிங்கையும் ஒரே விரலால தடவினா வித்தியாசம் உடனே தெரியும்.

சரி பண்ணினதும் முதல்ல பண்ணின அதே ஓட்டத்தை அதே பாதி டேங்க், அதே ரெண்டு பேரோட திரும்ப ஓட்டுங்க. வந்த ஆர்பிஎம்மையும் ஜிபிஎஸ் வேகத்தையும் தேதியோட ஒரு டேப்ல எழுதி இன்ஜின் கவரோட உள்பக்கத்துல ஒட்டி வைங்க. மேல இன்னொரு டேப் ஒட்ட இடம் விடுங்க, அடுத்த மே மாசம் முதல் ஓட்டத்துல வர்ற நம்பரை அதுக்குப் பக்கத்துலயே எழுதலாம்.